உயிரோடிருக்கும் என்னைச் சாமியாக்கியது தொடர்பாக

காமயகவுண்டன்பட்டி,
ஆடி மாதம், வியாழக்கிழமை.

வட்டாரச் சொல்லகராதி தொகுத்த பேராசிரியர் சூரியபிரகாஷ் அவர்களின் மேலான பார்வைக்கு, மேற்படி ஊர் முத்துராமலிங்கம் மனைவி மொக்கம்மாள் பணிவுடன் எழுதிக்கொள்வது. தாங்களும் தங்கள் வீட்டாரும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று கிழக்கே மேகமலையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் தொடங்குகிறேன். இங்கே என் வீட்டுக்காரர் நலம், மகன் மருமகள் நலம், பேரன் சுரேஷ்கண்ணன் நலம், தோட்டத்துத் திராட்சையும் இந்த வருடம் நலம். என் நாத்தனார் பவுனுவும் நலமாகத்தான் இருக்கிறாள். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

தாங்கள் அச்சடித்த தடிப் புத்தகத்தை என் பேரன் கம்பத்திலிருந்து வாங்கி வந்து, "அப்பத்தா, ஒம்பேரு புஸ்தகத்துல வந்திருக்கு" என்று மடியில் வைத்தான். நான் மூன்றாம் வகுப்பு வரைதான் படித்தேன் என்றாலும் எழுத்துக்கூட்டி எதையும் வாசித்துவிடுவேன். பஸ் போர்டு, ரேஷன் கடைப் பலகை, மாத்திரை அட்டை, எதையும் விடுவதில்லை. சந்தோஷமாகக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசித்தேன். தாங்கள் எழுதியதை அப்படியே பார்த்து இங்கே எழுதுகிறேன், மாற்றி எழுதிவிட்டேன் என்று நாளை சொல்லக் கூடாது பாருங்கள்.

"மொக்கம்மா (பெயர்ச்சொல்): கையெடுக்காமல் ஐந்து கோடுகளால் வரையப்படும் ஐந்துமுனை நட்சத்திரம். ஆங்கிலத்தில் பென்டகிராம், ‘ஐந்து கோடு’ எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. கம்பம் பகுதியில் வழங்கும் மொக்கம்மா என்னும் சொல், மொக்கு, அம்மா ஆகிய இரண்டும் சேர்ந்தது. பூமொக்கு வடிவில் வணங்கப்பட்ட தொன்மையான தாய்த்தெய்வத்தின் பெயராக இருக்கலாம். ஐந்து முனைகளும் ஐம்பூதங்கள். வழிபாடு இன்று மறைந்துவிட்டது. தகவல்: திருமதி பவுனு, காமயகவுண்டன்பட்டி."

ஐயா, நான் மறையவில்லை. இன்று காலைகூட ரேஷன் கடையில் பருப்பு குறைந்ததற்காகச் சண்டை போட்டுவிட்டுத்தான் வந்து உட்கார்ந்திருக்கிறேன். மொக்கும் இல்லை, பூவும் இல்லை; என் அப்பாவைப் பெற்றவள் பெயர் மொக்கம்மாள், அதை எனக்கு வைத்தார்கள், அவ்வளவுதான் அதில் இருக்கிற தொன்மை. எங்கள் ஊரில் நட்சத்திரத்துக்கு மொக்கம்மா என்று பேர் வந்தது என்னால். அந்தச் சொல்லுக்கு அர்த்தமும் நான், அதைப் பெற்றதும் நான். அது எப்படி என்று தாங்கள் என்னிடம் கேட்டிருந்தால் ஒரு டம்ளர் காப்பிச் செலவோடு முடிந்திருக்கும். கேட்கவில்லை. ஆகையால் எழுதுகிறேன், பொறுமையாக வாசிக்கவும்.

நான் பிறந்தது பெரியகுளம் பக்கம் கெங்குவார்பட்டி. எனக்குச் சீராக என் அப்பா கொடுத்தது ஒரு பித்தளை அண்டா. அப்போது காமயகவுண்டன்பட்டியில் எங்கள் தெருவில் அதற்கு மேல் பெரிய அண்டா எவள் வீட்டிலும் கிடையாது, ஒரு கல்யாணத்துச் சோறு அதில் ஒரே உலையில் வேகும். நம் பக்கத்தில் சீர்ப் பாத்திரத்தில் பெண்ணின் பெயரை வெட்டித்தான் அனுப்புவார்கள், விசேஷ வீட்டுக்கு இரவல் போனாலும் பேரைப் பார்த்துத் திரும்பி வரும் என்று. என் கல்யாண நேரத்தில் எங்கள் ஊரில் பேர் வெட்டுகிறவருக்கு அம்மை போட்டுவிட்டது. பேரில்லாத அண்டாவோடு நான் இங்கே வந்து இறங்கினேன். வந்த மாதமே இந்தத் தெருவில் உளியும் சுத்தியுமாகப் பேர் வெட்டுகிறவர் ஒருவர் கூவிக்கொண்டு வந்தார். நான் அடுப்படியிலிருந்து எழுந்தேன். இதே தெருவில் வாக்கப்பட்டு, பொழுதுக்கும் எங்கள் வீட்டிலேயே இருந்த பவுனு என்னைப் பார்த்து, "நீ கொழம்பப் பாரு கெங்குவார்பட்டிக்காரி, எழுத்து வெவகாரமெல்லாம் நான் பாத்துக்கிர்றேன்" என்றாள். அவள் எட்டாம் வகுப்பு வரை படித்தவள். அதை இன்றுவரை எட்டாயிரம் தடவையாவது சொல்லியிருப்பாள். எனக்கோ அப்போது படித்த எழுத்தெல்லாம் களையெடுத்ததில் உதிர்ந்து போயிருந்தது; பஸ் போர்டைப் பார்த்துப் பார்த்துத் திரும்பப் பிடித்தது பிற்பாடுதான். அண்டாவின் கழுத்தில் அழகாக ஏதோ வெட்டியிருந்ததைப் பார்த்து, என் பேர்தான் என்று நினைத்து மஞ்சளும் குங்குமமும் வைத்துக் கும்பிட்டேன் ஐயா. மஞ்சள் வைத்தது பவுனு பேருக்கு.

அது எப்போது தெரிந்தது என்றால், அழகுமலை வீட்டுக் காதுகுத்துக்கு அண்டா இரவல் போனது. அன்றைக்கு வெண்பூசணிக் கூட்டு, உப்பு கொஞ்சம் தூக்கல், எனக்கு ஞாபகம் இருக்கிறது. மறுநாள் எல்லாப் பாத்திரமும் அவரவர் வீட்டுக்குத் திரும்பின, என் அண்டா மட்டும் பவுனு புருஷன் வீட்டுக்குப் போய்விட்டது. அழகுமலையிடம் கேட்டால், "என்னத்தா எங்கிட்டக் கோவிக்கிற, பேரு பவுனுன்னுல்ல போட்டிருக்கு" என்றார். பக்கத்து வீட்டுச் சுப்புத்தாய் விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாக வாசித்துக் காட்டினாள். நேராகப் போய்க் கேட்டேன்.

"மதினி, எங்கப்பா குடுத்த அண்டாவுல ஒங்க பேரு எப்பிடி வந்துச்சு?"

"எந்தம்பி வீட்டுக்கு வந்த பொருளு. எந்தம்பியும் நானும் ஒரே வயித்துல பொறந்தவக. பேரு யாரோடதா இருந்தா என்னடி, சோறு ஒண்ணாத்தேன வேகுது?"

"அப்ப ஒங்க காதுத் தோட்டுல எம்பேர வெட்டுவமா? காது ஒங்ககிட்டயே இருக்கட்டும்."

இப்படி நான் நியாயம் கேட்டுக்கொண்டிருக்கும்போது, நடுவில் நின்று ஒரு வார்த்தை பேச வேண்டிய என் வீட்டுக்காரர், மாட்டுக்குத் தண்ணி காட்டிவிட்டு வருகிறேன் என்று போனார். அந்த மாடு இன்றுவரை தண்ணி குடித்து முடிக்கவில்லை.

அண்டாவை நானும் சுப்புத்தாயும் உருட்டிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தோம். அடுத்த அறுப்புக்குப் பேர் வெட்டுகிறவர் மறுபடி வந்தார். இந்தத் தடவை குழம்பு கருகினால் கருகட்டும் என்று நானே முன்னால் போய் நின்றேன். என்ன பேர் ஆத்தா என்று கேட்டார். பேர் வேண்டாம் என்றேன். எழுத்தாக இருந்தால்தானே எவளாவது எட்டாம் வகுப்பு படித்துவிட்டு வந்து ஏமாற்றுவாள்? மூன்றாம் வகுப்பில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கம்மாள், சிலேட்டுக் குச்சியை எடுக்காமல் ஒரே இழுப்பில் நட்சத்திரம் போடப் பழக்கிவிட்டிருந்தாள். அ, ஆ மறந்தாலும் அது எனக்கு மறக்கவில்லை. அடுப்புக் கரியை எடுத்து அண்டாவின் கழுத்தில், பவுனு என்று வெட்டியிருந்த அதே இடத்தில், மேலேயிருந்து கீழே, கீழேயிருந்து மேலே என்று போட்டுக் காட்டினேன்.

"இங்கன வெட்டுங்கண்ணே."

"ஆத்தா, கோடு பேரு மேல விழுகுதே?"

"விழுகட்டும்ண்ணே. அதுக்குத்தேன் போடச் சொல்லுறேன்."

ஐயா, சொல் பிறந்த இடம் இதுதான். ஐம்பூதம் ஒன்றும் கிடையாது. அஞ்சு கோடும் ஒரே ஆளை அடிப்பதற்குப் போட்டது. முதல் கோட்டில் ‘ப’ போனது, கடைசிக் கோட்டில் ‘னு’ போனது, சுத்திச் சத்தம் தெருக்கோடியில் இருந்த அவள் வீடு வரைக்கும் கேட்டது. என் பிள்ளைக்குப் பேர் வைத்த அன்றுகூட அவ்வளவு சந்தோஷம் இல்லை.

அந்த நட்சத்திரத்தை அப்புறம் என் குடம், செம்பு, கரண்டி என்று எல்லாவற்றிலும் வெட்டினேன். இந்த ஊரில் எந்த விசேஷமும் என் அண்டா இல்லாமல் நடக்காது. முதலில் "மொக்கம்மா அண்டாவ எடுத்துட்டு வா" என்றார்கள். அப்புறம் "மொக்கம்மா போட்டிருக்கா பாத்து எடு" என்றார்கள். அப்புறம் அந்தக் குறிக்கே மொக்கம்மா என்று ஆகிவிட்டது. பிள்ளைகள் சுவரில் கரியால் மொக்கம்மா போட்டார்கள், மணலில் குச்சியால் மொக்கம்மா போட்டார்கள். இன்ஸ்பெக்டர் வந்தால் "தோளுல மூணு மொக்கம்மா வச்சிருக்காரு" என்று எண்ணினார்கள். சுரேஷ்கண்ணன் கம்பெனி வேலையை விட்டுவிட்டுத் திராட்சை வியாபாரத்துக்கு வந்தபோது பெட்டிக்கும் மொக்கம்மாதான் மார்க். மலைக்கு அந்தப் பக்கம் கேரளாக்காரர்கள் போனில் "மொக்கம்மா உண்டோ?" என்று கேட்கிறார்கள். உண்டு ஐயா, உண்டு, நான் இங்கேயே உட்கார்ந்து காதால் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். கிரேக்கர்கள் கோட்டை எண்ணிப் பார்த்து ‘அஞ்சு கோடு’ என்று பேர் வைத்தார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். எண்ணத் தெரிந்தவர்கள் அவ்வளவுதான் செய்வார்கள். எங்கள் தெருவில் ஆளைப் பார்த்துப் பேர் வைத்தோம்.

பேர் பெரிதானால் தொந்தரவும் வரும் என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். எங்கள் தெரு ஜேசுராஜ் கிறிஸ்துமஸுக்கு மாடியில் பெரிய காகித நட்சத்திரம் கட்டி, உள்ளே பல்பு போடுவார். ஒரு மார்கழியில் காற்றடித்து அது கீழே விழுந்து ஒரு முனை ஒடிந்துவிட்டது. எங்கள் ஊர்த் தேங்காய் வியாபாரி ஒருவர் பெரியகுளத்தில் டீ குடிக்கும்போது, "நேத்துக் காத்துல மொக்கம்மா மாடியிலருந்து விழுந்து ஒரு காலு ஒடிஞ்சு போச்சு. ஜேசுராசு என்ன செய்வாரு, அத ஓரமாப் போட்டுட்டுக் கம்பத்துல போயிப் புதுசு வாங்கிட்டு வந்துட்டாரு" என்று சொல்லியிருக்கிறார். பக்கத்து பெஞ்சில் என் அண்ணன் ஒச்சாண்டி. மகன் கல்யாணத்தில் என்னை இரண்டாம் பந்தியில் உட்காரவைத்துவிட்டு, அதற்கப்புறம் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்காத அண்ணன். கார் பிடித்து, எலும்புக்குக் கட்டுப் போடுகிற எண்ணெயும் கையுமாக எங்கள் தெருவில் வந்து இறங்கி, ஜேசுராஜின் சட்டையைப் பிடித்துவிட்டார்.

"ஏலே, எந்தங்கச்சிய ஏன்டா மாடிக்கு ஏத்துன? ஓரமா வேற போட்டுட்டியாமே!"

ஜேசுராஜ் பாவம், ஒடிந்த நட்சத்திரத்தை எடுத்துக் காட்டி, "அண்ணே, இதுதாண்ணே மொக்கம்மா" என்று சொல்லச் சொல்ல என் அண்ணன் கத்தினார். நான் தோட்டத்திலிருந்து இரண்டு காலோடும் நடந்து வந்தேன். "வாங்கண்ணே. காலு ஒடிஞ்சாத்தேன் அண்ணமாரு வருவாகன்னு தெரிஞ்சிருந்தா எப்பவோ ஒடிச்சிருப்பனே" என்றேன். அண்ணனுக்கு அழுகை வந்துவிட்டது. எண்ணெயை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டேன். அது ஆட்டுக்கு உதவியது. இரண்டாம் பந்தி விஷயத்தை இன்னும் மறக்கவில்லை, அது வேறு கணக்கு.

கொள்ளுப்பேத்தி திரிஷா படிக்கிற பள்ளிக்கூடத்திலும் இப்படித்தான். டீச்சர் நட்சத்திரப் படத்தைக் காட்டி இது என்ன என்று கேட்டதற்கு, எங்கள் ஊரிலிருந்து போகிற பிள்ளைகள் மொத்தமும் "மொக்கம்மா" என்று கத்தியிருக்கின்றன. வெளியூர் டீச்சர், பேர் உமாதேவி, என்னைக் கூப்பிட்டு அனுப்பினாள். "பாட்டி, பிள்ளைங்க ஸ்டார்னு சொல்லணும், இல்லன்னா நட்சத்திரம்னு சொல்லணும். நீங்க வீட்ல தப்பாச் சொல்லிக் குடுக்குறீங்க" என்றாள். "நாஞ் சொல்லிக் குடுக்கலத்தா, நாந்தேன் அது" என்றேன். அன்றைக்கு நான் அந்தப் பள்ளிக்கூட வாசலைத் தாண்டி வந்த நடையைத் தாங்கள் பார்த்திருக்க வேண்டும். மூன்றாம் வகுப்பில் நின்றவள், ஒன்றாம் வகுப்புப் பாடமாகத் திரும்பிப் போயிருக்கிறேன்.

இப்படி இருக்கும்போதுதான் தாங்கள் வந்தீர்கள். அன்று நான் கண்ணாடி மாற்ற உத்தமபாளையம் போயிருந்தேன். தாங்கள் பஸ்ஸை விட்டு இறங்கி முதல் வீட்டில் விசாரித்திருக்கிறீர்கள். முதல் வீடு பவுனு இப்போது கட்டியிருக்கிற வீடு. தாங்கள் அவளிடம் பேசியதைச் சுப்புத்தாய் காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டு, ஒரு வார்த்தை சிந்தாமல் என்னிடம் கொண்டுவந்து கொட்டினாள்.

"அம்மா, நட்சத்திரத்த மொக்கம்மான்னு சொல்றாங்களே, யாரும்மா அது?"

"அது ஆளு இல்ல தம்பி, சாமி. ரொம்பப் பழைய சாமி. இப்ப யாரும் கும்புடுறதில்ல. இன்னொரு முறுக்கு எடுத்துக்கங்க."

அந்த முறுக்கில் நான் செத்தேன் ஐயா. நான் இருக்கிற தெருவிலேயே, நான் இல்லை என்று சொல்லிவிட்டாள். அதோடு விட்டீர்களா? நான் உளி வைத்து அடித்து மறைத்த பேரைத் தாங்கள் நல்ல காகிதத்தில் அச்சடித்து, என் நட்சத்திரத்துக்குக் கீழேயே கொண்டுவந்து வைத்துவிட்டீர்கள். இப்போது புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு தெருவெல்லாம் காட்டுகிறாள். "படிச்சவக எழுதியிருக்காக, பேராசிரியரு சொல்லியிருக்காக, அது சாமி பேரு, கெங்குவார்பட்டிக்காரி பேரு இல்ல" என்கிறாள். இளவட்டங்கள் பஸ் ஸ்டாப் வேப்பமரத்தடியில் ஒரு கல்லை நட்டு, மஞ்சள் பெயிண்டில் மொக்கம்மா போட்டு, மாலை சாத்திவிட்டார்கள். போன வெள்ளிக்கிழமை பொங்கல் வைத்தார்கள். அதற்கு அண்டா கேட்டு என்னிடமே வந்தார்கள். அண்டா என்ன பாவம் செய்தது, கொடுத்து அனுப்பினேன். பின்னாலேயே போய், "ஏலே, கல்ல நட்டு யாரக் கும்புடுறீக? அது நாந்தேன்டா" என்றேன். "கெழவி, சாமிகூடயா போட்டி போடுற, கண்ணு போயிரும்" என்று சிரிக்கிறார்கள். என் பேரனாவது எனக்காகப் பேசுவான் என்று பார்த்தால், "விடு அப்பத்தா, சாமி பேருன்னா பெட்டி நல்லா ஓடும்" என்கிறான். உண்மை தெரிந்த இன்னொரு ஆள் என் வீட்டுக்காரர். நடந்ததைச் சொல்லுங்கள் என்று கேட்டேன். மாடு விற்று வெகு காலம் ஆகிவிட்டது, இருந்தாலும் வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

ஐயா, நான் தங்களிடம் பொன்னாடை கேட்கவில்லை. எனக்கு வயதாகிவிட்டது. நாளைக்கு நான் போன பிறகும் இந்த ஊர்ப் பிள்ளைகள் சுவரில் மொக்கம்மா போடும். அப்போது அது யார் என்று கேட்டால், ஒரு காலத்தில் ஒருத்தி இருந்தாள், தன் பொருளைத் தன் பொருள் என்று சொன்னாள் என்று தெரிய வேண்டும். பூமொக்கு என்று ஆகிவிடக் கூடாது. ஆகையால் அடுத்த பதிப்பில் கீழ்க்கண்டவாறு போடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

"மொக்கம்மா: ஐந்துமுனை நட்சத்திரம். கெங்குவார்பட்டியிலிருந்து வாக்கப்பட்டு வந்த மொக்கம்மாள், தன் அண்டாவில் நாத்தனார் வெட்டிய பேரை அடிப்பதற்காகப் போட்ட குறி. மேற்படியார் உயிரோடும் நல்ல ஞாபகத்தோடும் இருக்கிறார்."

தகவல் என்ற இடத்தில் பவுனு பேரை நீக்கிவிட வேண்டும். நம்பிக்கை இல்லை என்றால் நேரில் வாருங்கள், அண்டாவை வெயிலில் சாய்த்துப் பிடித்தால் கோடுகளுக்கு அடியில் பழைய எழுத்து இன்னும் மங்கலாகத் தெரியும். பஸ்ஸை விட்டு இறங்கினால் முதல் வீட்டில் மட்டும் தண்ணீர்கூடக் குடிக்க வேண்டாம்.

தங்கள் பிள்ளைகள் தங்களைவிட நன்றாக விசாரிக்கிறவர்களாக வளரட்டும். தங்கள் மனைவிக்கு என் ஆசி. தங்களுக்கு அக்கா தங்கை இருந்தால், அவர்கள் நாத்தனாராக இருக்கிற வீடுகளில் அவர்களுக்கு நல்ல புத்தியை மலைக்கு மேல் இருக்கிற தெய்வம் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
மு. மொக்கம்மாள்
(கையெழுத்து நானே போட்டது)

பின்குறிப்பு: இதை மடித்து எடுத்துக்கொண்டு இன்று, வெள்ளிக்கிழமை, தபால் பெட்டியில் போடப் போனேன். பெட்டி பஸ் ஸ்டாப்பில் இருக்கிறது. வேப்பமரத்தடியில் ஒருவரும் இல்லை, பவுனு மட்டும் நின்றாள். என்னைப் பார்க்கவில்லை. தலையில் முக்காடு போட்டுக்கொண்டு அந்தக் கல்லைச் சுற்றினாள், கன்னத்தில் போட்டுக்கொண்டாள், அப்புறம் மடக்க முடியாத அந்த முழங்காலை வைத்துக்கொண்டு தரையில் விழுந்தே கும்பிட்டாள். தானே அவிழ்த்துவிட்ட கதைதான், ஆனால் ஊரே கும்பிடுவதைப் பார்த்து அவளுக்கே பயம் வந்துவிட்டது போல. "ஆத்தா மொக்கம்மா, எந்தாயி, நான் வாய்க்கு வந்தத ஏதாச்சும் சொல்லியிருந்தா மனசுல வச்சுக்கிறாத. எம்பேத்தி மகாலட்சுமிக்கு எடம் தட்டித் தட்டிப் போகுது, நீதேன் ஒரு வழி காட்டணும்" என்று அழுதாள். நான் பஸ் ஸ்டாப் சுவருக்குப் பின்னால் நின்று, "எந்திரி பவுனு, பாத்துக்கிர்றேன்" என்று மனதுக்குள் சொன்னேன்.

ஆகையால் மேலே நான் எழுதியிருப்பது எதையும் தாங்கள் எடுத்துக்கொள்ள வேண்டாம். அது சாமி பேர்தான், அப்படியே இருக்கட்டும். ‘வழிபாடு மறைந்துவிட்டது’ என்பதை மட்டும் அடித்துவிடுங்கள். பவுனு பேரையும் நீக்க வேண்டாம், தகவல் என்பதை எடுத்துவிட்டுப் பூசாரி என்று போடுங்கள். படையல் என்ன என்று யாராவது கேட்டால் சர்க்கரைப் பொங்கல் என்று எழுதிவிடாதீர்கள், எனக்குச் சுகர் இருக்கிறது. கருவாட்டுக் குழம்பு என்று போடுங்கள். அது ஒன்றைத்தான் பவுனு ஒழுங்காக வைப்பாள். கெங்குவார்பட்டியில் என் அண்ணன் ஒச்சாண்டிக்கு இப்போதுதான் போன் போட்டு, மகாலட்சுமிக்கு அங்கே நல்ல மாப்பிள்ளை இருந்தால் ஆவணிக்குள் பார்த்துச் சொல்லச் சொல்லியிருக்கிறேன். வேண்டுதல் பலிக்காமல் போனால் கெடப்போவது என் பேர்தானே.